பிள்ளையின் வேடம் வீட்டிலேயே உருவாகட்டும்!



ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது பள்ளியிலிருந்து உங்கள் வீட்டுக்கு ஒரு செய்தி வரும். முன்பெல்லாம் தாளில் வந்தது. இப்போது கைப்பேசியில், புலனத்தில் வருகிறது. “மாறுவேடப் போட்டி நடைபெறும். கலந்துகொள்ள விரும்பும் மாணவர்கள் பெயர் கொடுக்கவும்.” பொங்கல் விழா, மே 16 ஆசிரியர் தினம், ஆகஸ்டு 31 சுதந்திர தினம், பாலர் பள்ளி ஆண்டு விழா என்று ஏதாவது ஒன்றுக்காக இருக்கும்.

செய்தியைக் கண்டதும் பிள்ளை துள்ளிக் குதிக்கும். தாயாருக்கோ கணக்கு ஓடத் தொடங்கும். பட்டணத்துக் கடையில் உடைக்கு வாடகை எவ்வளவு கேட்பார்களோ? முன்பணம் வேறு கட்ட வேண்டுமே! போய்வரப் பேருந்துக் காசு? அழுக்குப் பட்டால் தண்டம் கேட்பார்களோ? ஒரு பிள்ளை என்றால் சமாளிக்கலாம். இரண்டு மூன்று பிள்ளைகள் ஒரே பள்ளியில் படித்தால்?

தோட்டப் பள்ளியில் இருபது ஆண்டுகளாகப் பாடம் சொல்லிக் கொடுக்கும் எனக்கு, போட்டி நாளன்று வருகைப் பதிவேடு எப்படி இருக்கும் என்பது நன்றாகத் தெரியும். வழக்கமாக ஒரு நாள்கூடத் தவறாத பிள்ளைகள் சிலர் அன்றைக்கு மட்டும் வரமாட்டார்கள். மறுநாள் கேட்டால், “காய்ச்சல், டீச்சர்” என்பார்கள். அந்தக் காய்ச்சல் என்ன காய்ச்சல் என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அந்தக் காய்ச்சல்தான்.

வாடகை உடை இல்லாமலே அழகான வேடம் போடலாம். ஊக்கு, எலாஸ்டிக் நாடா, பசை, வண்ணத்தாள் எல்லாம் சேர்த்துப் பத்து வெள்ளிக்குள் முடித்துவிடலாம். மற்றவை உங்கள் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கின்றன. வாடகை உடை மறுநாளே கடைக்குத் திரும்பிவிடும். பிள்ளையோடு உட்கார்ந்து தைத்த உடையோ, யாருடைய வேடம் அது என்ற அறிவைப் பிள்ளைக்குள் விட்டுச் செல்லும். காசைவிட இதுவே பெரிய இலாபம்.

மேல்நாடுகளில் அக்டோபர் 31ஆம் நாள் ஹலோவீன் கொண்டாடுகிறார்கள். பிள்ளைகள் வேடம் பூண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள். பழைய படுக்கை விரிப்பில் கண்ணுக்கு இரண்டு துளை போட்டால் பேய் வேடம். அட்டைப் பெட்டிக்குள் நுழைந்துகொண்டால் இயந்திர மனிதன் வேடம். அங்கும் கடை உடைகள் பெருகிவிட்டன என்றாலும், பிள்ளைகளோடு சேர்ந்து வீட்டிலேயே செய்யும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. நமக்கும் இது புதிதன்று. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் நாடகம் போட்ட நம் பெரியவர்கள் அட்டையில் கிரீடம் வெட்டி, மூங்கிலில் கதாயுதம் செய்து, வீட்டுச் சேலையைத் திரையாகக் கட்டியவர்கள்தாமே!

முதலில் ஆளைத் தேர்ந்தெடுங்கள்

உடையைத் தேடுமுன் ஆளைத் தேட வேண்டும். போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே, இரவுச் சாப்பாடு முடிந்ததும், “நீ யாராகப் போகிறாய்?” என்று பிள்ளையைக் கேளுங்கள். பெரும்பாலும் தொலைக்காட்சியில் பார்த்த வீரன் பெயரைத்தான் சொல்லும். கோபிக்க வேண்டாம். “சரி, அவர் என்ன செய்தார்? ஏன் உனக்குப் பிடிக்கும்?” என்று பேச்சை வளருங்கள். பிறகு நீங்களும் இரண்டு மூன்று பேரைச் சொல்லுங்கள். முடிவு பிள்ளையுடையதாக இருக்கட்டும்.

நம் பள்ளி மேடைகளில் பாரதியார் இல்லாத ஆண்டே இல்லை. வெள்ளைத் தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, முறுக்கு மீசை, நெற்றியில் பொட்டு. இவ்வளவும் இருந்தால் பாரதியார் ஆகிவிட்டதாக எண்ணுகிறோம். 1882இல் பிறந்து 1921இல் மறைந்த அவர் வாழ்ந்தது 38 ஆண்டுகள்தாம் என்பதை எத்தனை குட்டிப் பாரதிகள் அறிவார்கள்? “நான் உங்கள் அப்பாவின் வயதுகூட இருந்ததில்லை” என்று ஒரு பிள்ளை மேடையில் சொன்னால் அவையே நிமிர்ந்து உட்காரும்.

திருவள்ளுவராக வேடமிட விரும்பும் பிள்ளைக்கு இன்னொரு செய்தி சொல்லுங்கள். வள்ளுவர் எப்படி இருந்தார் என்று யாருக்கும் தெரியாது. தாடியும் உச்சிக் கொண்டையும் கையில் ஓலையுமாக நாம் காணும் உருவம், ஓவியர் கே. ஆர். வேணுகோபால் சர்மா தம் கற்பனையில் வரைந்தது. 1964இல் அந்தப் படம் தமிழகச் சட்டமன்றத்தில் திறந்து வைக்கப்பட்டது. உருவம் தெரியாத ஒருவரை அவர் எழுதியதை வைத்தே ஓர் ஓவியர் வரைந்தார் என்பது பிள்ளைகளுக்கு எவ்வளவு வியப்பான செய்தி!

பாரதியாரும் வள்ளுவரும் இருக்கட்டும். நம் மண்ணிலேயே வேடம் போடத்தக்கவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் மூவரைச் சொல்கிறேன்.

பாட்டியே ஒரு வேடம்

நான்காம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி போட்டிக்குப் பெயர் கொடுக்காமல் இருந்தாள். அவள் பாட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். “பாட்டியாகவே வேடம் போடேன்” என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் பாட்டியே பள்ளிக்கு வந்துவிட்டார்.

“இதுல என்னா டீச்சர் இருக்கு? பால் கறை புடிச்ச கைலி, கிழிஞ்ச சட்டை. மேடையில நின்னா சிரிக்க மாட்டாங்களா?”

“சிரிச்சா நான் பார்த்துக்கிறேன், பாட்டி. நீங்க தலைத்துணி கட்டுறது எப்படின்னு மட்டும் அவளுக்குக் காட்டிக் கொடுங்க.”

அடுத்த இரண்டு வாரமும் அந்த வீட்டில் நடந்தது தையல் வேலை மட்டுமன்று. பேத்தி கேட்டாள், பாட்டி சொன்னார். ஏன் அவ்வளவு இருட்டில் எழுந்து போனீர்கள்? காலைக் குளிர்ச்சியில்தான் மரத்துக்குள் அழுத்தம் மிகுந்து பால் நன்றாக இறங்கும். வெயில் ஏற ஏறப் பால் குறையும். தலைத்துணியை ஏன் கழுத்துவரை இறக்கிக் கட்டினீர்கள்? கொசு. மழை பெய்தால்? வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் சம்பளமும் இல்லை. மரத்தில் ஆழமாக வெட்டினால்? மரத்துக்குக் காயம், மண்டோரிடம் திட்டு.

போட்டியன்று அவள் மேடையில் நின்று இதையெல்லாம் ஐந்தே வாக்கியத்தில் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் இருந்த வயதான பெண்கள் சிலர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அவளுக்குக் கிடைத்தது மூன்றாம் பரிசுதான். ஆனால் அடுத்த வாரமே, “எங்க பாட்டிகூட மரம் வெட்டினாங்களாம், டீச்சர்” என்று வேறு பிள்ளைகள் சொல்லிக்கொண்டு வந்தார்கள். அதுவரை அவர்கள் வீட்டில் அதைக் கேட்டதே இல்லை.

பெற்றோர்களே, இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எத்தனையோ ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகிவிட்டன. எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்து வீட்டை விட்டு அடுக்குமாடிக்குப் போன குடும்பங்களில், பாட்டி தாத்தாவின் தொழிலைக் கண்ணால் காணாத பிள்ளைகள் வளர்கிறார்கள். 1877இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு 22 ரப்பர்க் கன்றுகள் வந்ததைப் புத்தகத்தில் படித்துவிடலாம். அந்த மரங்களை வெட்டிய கைகளைப் பற்றிப் பாட்டியிடம்தான் கேட்க வேண்டும். அவர் இருக்கும்போதே கேட்க வேண்டும்.

இந்த வேடத்துக்கு வேண்டியவை: பாட்டியின் பழைய கைலி, அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, ஏறத்தாழ ஒரு மீட்டர் சதுரத் துணி, ஒரு சிறிய வாளி அல்லது காலி வண்ணத் தகரம். கைலி பிள்ளைக்கு நீளமாக இருந்தால் வெட்ட வேண்டாம். இடுப்பில் ஒரு சாண் மடித்து, மேலே நாடா கட்டிவிடுங்கள். உள்ளே பள்ளிக் காற்சட்டை இருக்கட்டும், அவிழ்ந்தாலும் கவலையில்லை. தலை விளக்குக்குப் புட்டி மூடியில் வெள்ளித்தாள் ஒட்டி எலாஸ்டிக் நாடாவில் கோத்துக்கொள்ளலாம். வெட்டும் கத்தியை மட்டும் எக்காரணம் கொண்டும் உண்மையானதாகக் கொடுக்காதீர்கள். அட்டையில் வெட்டிக் குச்சியில் ஒட்டினால் போதும். மேடையில் ஒரு நாற்காலிக்குப் பழுப்புத் தாள் சுற்றினால் மரம் தயார். வெட்டுக்கோடு இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சரிந்து வரும். அதன் முடிவில் ஒரு மங்கு. கோடு எப்படி வரும் என்று பாட்டியையே கேட்டுப் பிள்ளை வரையட்டும்.

தாத்தா செம்பனை அறுத்தவரா? காகிதத்தைப் பந்து பந்தாகக் கசக்கி, செம்மஞ்சள் வண்ணம் தீட்டி, ஒன்றாகக் கட்டினால் பழக்குலை ஆகிவிடும். தலையில் ஒரு பாதுகாப்புத் தொப்பி வைத்தால் வேடம் நிறைவடையும்.

தோட்டத்திலிருந்து புறப்பட்ட வீராங்கனைகள்

பெண் பிள்ளைகளுக்கு அரசி வேடமும் தேவதை வேடமும்தான் என்று இருந்துவிடக் கூடாது. 1943இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையை அமைத்தார். முழுக்க முழுக்கப் பெண்களே கொண்ட படை. அதற்குத் தலைமை தாங்கியவர் டாக்டர் லட்சுமி. அந்தப் படையில் சேர்ந்தவர்களில் பலர் மலாயா ரப்பர்த் தோட்டங்களைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள். இந்தியாவையே கண்டிராத பெண்களும் அவர்களில் இருந்தார்கள். அதன் விடுதலைக்காகத் துப்பாக்கிப் பயிற்சி பெற்றார்கள். சிலர் பர்மாவரை சென்றார்கள்.

கோலாலம்பூரிலிருந்து சேர்ந்த ஜானகி தேவர் அப்போது பதின்ம வயதுப் பெண். பிற்காலத்தில் ஜானகி ஆதி நாகப்பன் என்று இந்நாட்டில் புகழ்பெற்று, செனட்டராகவும் பணியாற்றினார். இந்திய அரசு 2000இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 2014இல் மறைந்தார்.

இந்த வேடம் மிக எளிது. அண்ணனுடைய சாரணர்ச் சட்டையோ வேறு காக்கிச் சட்டையோ போதும். காக்கி அல்லது பழுப்புக் காற்சட்டை, இடுப்பில் ஒரு வார்ப்பட்டை, காலில் கறுப்புப் பள்ளிக் காலணி. தொப்பிக்குக் காகிதக் கப்பல் செய்வது போலப் பழைய நாளிதழை மடித்து, மேலே காக்கித் துணியை ஒட்டிவிடுங்கள். துப்பாக்கி தேவையில்லை. நேராக நிமிர்ந்து நின்று, “நான் ரப்பர்த் தோட்டத்துப் பெண்; நான் ஒரு படைவீரர்” என்று சொன்னாலே போதும்.

ஒரே வெட்டு, பல வேடம்

தையல் இயந்திரம் இல்லாத வீட்டிலும் நீள அங்கி ஒன்று செய்துவிடலாம். செய்முறையைக் கவனியுங்கள்.

பழைய படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்து இரண்டாக மடியுங்கள். மடிப்பு மேலே தோள் பக்கம் வர வேண்டும். பிள்ளையின் தொளதொளப்பான சட்டை ஒன்றை, தோள்கள் மடிப்பில் படுமாறு விரித்து வையுங்கள். சட்டையைச் சுற்றி நான்கு விரல் இடம் விட்டுச் சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். கைகளை மணிக்கட்டு வரையிலும், உடலைக் கணுக்கால் வரையிலும் நீட்டிக்கொள்ளுங்கள். கீழே வரவரச் சற்று அகலமாகட்டும். இரண்டு மடிப்பையும் சேர்த்து வெட்டுங்கள். கழுத்தை மட்டும் முதலில் சிறிதாக வெட்டுங்கள். சிறிய கழுத்தைப் பெரிதாக்கலாம். பெரிய கழுத்தைச் சிறிதாக்க முடியாது. தலை நுழைய முன்பக்கம் பத்து சென்டிமீட்டர் கீறிவிடுங்கள். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, கை நுனியிலிருந்து அக்குள் வழியாகக் கீழ் ஓரம் வரை நெருக்கமாக ஓட்டுத்தையல் போடுங்கள். தரையில் புரளாமல் ஓரத்தை மடித்துத் தைத்துவிட்டால் அங்கி தயார்.

வெள்ளை விரிப்பாக இருந்தால் அது தனிநாயக அடிகளாரின் அங்கி. யாழ்ப்பாணப் பகுதியில் 1913இல் பிறந்த இக்கத்தோலிக்கத் துறவி மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைப் பேராசிரியராக இருந்தவர். 1966இல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடக்க முன்னின்று உழைத்தவர். உலகத் தமிழறிஞர்கள் முதன்முதலாக ஒன்றுகூடிய ஊர் நம் தலைநகரம் என்பதைப் பிள்ளை மேடையில் சொல்லட்டுமே! கண்ணாடி ஒன்று, கையில் இரண்டு தடித்த நூல்கள், வேறொன்றும் வேண்டாம்.

அதே அங்கியைப் பாதியில் வெட்டி முன்பக்கம் திறந்தால் மருத்துவர். பச்சை விரிப்பானால் மரம். மஞ்சளில் கறுப்புப் பட்டை ஒட்டினால் தேனீ.

பாலர் பள்ளிச் சிறுவர்களுக்குச் செம்பருத்திப் பூ வேடம் மிக அழகாக இருக்கும். 1960இல் நம் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட பூ அது. அட்டையில் ஒரு சாண் நீளத்துக்கு ஐந்து இதழ் வெட்டி, பழைய சிவப்புச் சேலைத் துணியை அதன்மேல் ஒட்டி, முகத்தைச் சுற்றி வருமாறு தலைநாடாவில் தைத்துவிடுங்கள். நடுவில் தாளைச் சுருட்டி ஒரு தண்டு செய்து, நுனியில் மஞ்சள் நூல் கட்டுங்கள். பச்சைச் சட்டை, பச்சைக் காற்சட்டை. ஐந்து இதழும் 1970 ஆகஸ்டு 31இல் அறிவிக்கப்பட்ட ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளைக் குறிக்கும் என்பதையும் குழந்தைக்குச் சொல்லிக் கொடுங்கள்.

எந்தப் பிள்ளைக்கு எந்த வேலை?

உடையைத் தாயார் இரவெல்லாம் விழித்துத் தைத்து, காலையில் பிள்ளைக்கு மாட்டிவிடுவதில் பயனில்லை. அது இன்னொரு வாடகை உடைதான். நான்கைந்து வயதுக் குழந்தை தாளைக் கிழிக்கும், பசை தடவும். ஏழு எட்டு வயதில் முனை மழுங்கிய கத்தரிக்கோலால் வெட்டும், பொத்தான் தைக்கும். பத்து வயதுக்கு மேல் நாடாவால் அளவெடுத்து எழுதி, ஓட்டுத்தையலும் போடும். ஆண் பிள்ளை ஊசி பிடித்தால் குறைந்துபோக மாட்டான். தையல் கோணலாக இருந்தால் பிரித்துவிடாதீர்கள். மேடைக்குக் கீழே இருப்பவர் கண்ணுக்கு அது தெரியாது, பிள்ளையின் மனத்துக்கு நன்றாகத் தெரியும்.

அப்பாமார்களுக்கும் ஒரு வார்த்தை. அட்டை வெட்டுவதும் கம்பு சீவுவதும் கம்பி வளைப்பதும் உங்கள் கைக்கு எளிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் பிள்ளையோடு தரையில் உட்காருங்கள். அந்த இரண்டு மணி நேரம் பிள்ளைக்கு நெடுநாள் நினைவிலிருக்கும்.

முகத்தில் என்ன பூசலாம்?

நாடக ஒப்பனையை இன்றும் அரிதாரம் என்கிறோம். அரிதாரம் என்பது உண்மையில் ஆர்செனிக் கலந்த மஞ்சள் கனிமம், நஞ்சு. பெயர் மட்டும் நின்றுவிட்டது. எனவே பிள்ளையின் முகத்தில் கண்டதையும் பூசக் கூடாது. சித்திரப் பாடத்து வண்ணமும், எழுதும் மையும், சுவர்ச் சாயமும் வேண்டவே வேண்டாம்.

நரைக்கு அரிசி மாவைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தடவலாம். மீசைக்கு வீட்டில் பிடித்த விளக்கு மை போதும். அதுவும் கண்ணுக்கு எட்டாமல் இருக்கட்டும். கடைகளில் விற்கும் சில கண்மைகளில் ஈயம் கலந்திருப்பது சோதனைகளில் தெரிந்திருக்கிறது. கன்னச் சிவப்புக்குப் பீட்ரூட் சாறு உண்டு. எதுவானாலும் முதல் நாளே முழங்கையின் உட்பக்கம் சிறிது தடவிப் பாருங்கள். அரித்தால், சிவந்தால் விட்டுவிடுங்கள்.

தாடி ஒட்டப் பால்மரத்துப் பாலைப் பயன்படுத்தும் எண்ணம் தோட்டத்து ஆட்களுக்கு எளிதில் வரும். கூடாது. ரப்பர்ப் பால் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். உறையாமலிருக்க அமோனியா கலந்திருந்தால் தோல் இன்னும் எரியும். வெள்ளைக் கம்பளி நூலை ஒரு மெல்லிய துணியில் வரிசையாகத் தைத்து, இரு காதிலும் மாட்ட எலாஸ்டிக் நாடா வைத்தால், பசை இல்லாமலே தாடி நிற்கும்.

தீயிடம் விளையாட்டு வேண்டாம்

தாடிக்குப் பஞ்சு வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. பஞ்சும் தாளும் மெல்லிய நைலான் துணியும் கண்மூடித் திறப்பதற்குள் தீப்பற்றும். 2014இல் இங்கிலாந்தில் ஹலோவீன் மாலையில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் கடை வேட உடையில் மெழுகுவர்த்தித் தீ பற்றிப் பலத்த காயமுண்டானது. அதற்குப் பிறகுதான் வேட உடைகளின் தீப்பாதுகாப்பு பற்றி அந்நாட்டில் பெரிதாகப் பேசினார்கள். நம் விழாக்களிலோ மேடையோரம் குத்துவிளக்கு எரியும்; தீபாவளி என்றால் வாணம் வேறு. வேடம் பூண்ட பிள்ளையை விளக்கருகே விடாதீர்கள். உடை தொங்காமல் உடலோடு ஒட்டி இருக்கட்டும். உள்ளே பருத்திச் சட்டை இருக்கட்டும்.

ஞெகிழிப் பையைத் தலையில் மாட்டும் வேடம் எதுவும் வேண்டாம்; மூச்சு முட்டும். முகமூடியைவிட முகத்தில் பூசுவது நல்லது. படியில் இறங்கும்போது கண் தெரிய வேண்டுமே! ஊக்குகளைக் குத்தியபின் அவற்றின்மேல் ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள். போட்டிக்கு முதல் நாள் முழு உடையோடு பிள்ளை உட்காரட்டும், குனியட்டும், கையைத் தூக்கட்டும், படி ஏறட்டும், ஒருமுறை கழிவறைக்கும் போய் வரட்டும். கழன்று விழுவது வீட்டிலேயே விழுந்துவிடும்.

சிரிப்பு வரும் வேடங்கள்

ஒன்றை மட்டும் மனம் திறந்து சொல்ல விரும்புகிறேன். எந்தப் போட்டியிலும் ஒரு குடிகாரர் வேடம் இருக்கும். கையில் புட்டி, தள்ளாடும் நடை, குளறும் பேச்சு. அவை சிரிப்பில் அதிரும். ஆனால் அதே அவையில், முந்தின இரவு அந்தத் தள்ளாட்டத்தை வீட்டிலேயே கண்ட பிள்ளையும் உட்கார்ந்திருக்கும். எல்லோரும் சிரிக்கும்போது அந்தப் பிள்ளை தரையைப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். சக மாணவனின் வீட்டுத் துன்பம் நமக்கு வேடிக்கையாகலாமா?

பிச்சைக்காரரையும் உடற்குறையுள்ளவரையும் காட்டிச் சிரிக்க வைப்பதும் இப்படித்தான். பிற இனத்தவரின் நிறத்தையும் பேச்சையும் கேலி செய்யும் வேடமும் இந்நாட்டுப் பள்ளி மேடைக்குத் தகாது. சிரிப்பு வேண்டுமா? கோமாளி இருக்கிறான், தெனாலிராமன் இருக்கிறான். அவர்கள் யாரையும் நோகடிக்காமல் சிரிக்க வைப்பார்கள்.

ஐந்து வாக்கியம் போதும்

“ஆள் பாதி, ஆடை பாதி” என்பார்கள். ஆடைப் பாதியை முடித்துவிட்டோம். ஆள் பாதி பிள்ளையின் வாயிலிருந்து வர வேண்டும். நான் யார், எங்கே எப்போது வாழ்ந்தேன், என்ன செய்தேன், என்ன கஷ்டம் பட்டேன், உங்களுக்கு என்ன சொல்கிறேன்; இந்த ஐந்துக்கும் ஒவ்வொரு வாக்கியம். நீங்கள் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். பிள்ளை தன் சொல்லில் சொல்லட்டும். பிழையை மட்டும் திருத்துங்கள். தினமும் குளித்துவிட்டு வந்ததும் ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும்.

போட்டிக்கு நடுவராக அமரும் சக ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாடகைப் பட்டுக்கும் வீட்டுக் கைலிக்கும் ஒரே தராசு வைக்காதீர்கள். “உன் உடையில் எதை நீ செய்தாய்?” என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேட்டு, அதற்கென்று தனிப் புள்ளி கொடுங்கள். அடுத்த ஆண்டு வாடகைக் கடைக்குப் போகிறவர்கள் தாமே குறைவார்கள்.

விழா முடிந்தபின் உடையை வீசிவிடாதீர்கள். “கந்தையானாலும் கசக்கிக் கட்டு” என்பது பழமொழி. துவைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். ஈரத்தோடு வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். அக்கம்பக்கத்து நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேடப் பெட்டி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. இந்த ஆண்டு உங்கள் வீட்டுக் காக்கிச் சட்டை, அடுத்த ஆண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு. அப்போது எந்தப் பிள்ளைக்கும் போட்டி நாளன்று காய்ச்சல் வராது.

அடுத்த போட்டிச் செய்தி எப்போது வருமோ தெரியாது. அதற்காகக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே பழைய பெட்டியைத் திறந்து, என்னென்ன துணி இருக்கிறது என்று பிள்ளையோடு சேர்ந்து பாருங்கள். பாட்டியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.